விமானம் வந்தது, வாசல் திறக்கவில்லை: காபூல் காப்பக வெளியேற்றம், ஒரு சேவை மதிப்புரை

போர் நெருங்கிவிட்ட ஊரிலிருந்து ஒரு விலங்குக் காப்பகத்தை, அதன் ஆட்களோடும் விலங்குகளோடும், தனிவாடகை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகும் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. சான்றாக எடுத்துக்கொண்டது 2021 ஆகஸ்டில் காபூலில் நடந்த 'ஆபரேஷன் ஆர்க்'. பிரிட்டிஷ் ராயல் மரீன் படையில் இருந்த பென் ஃபார்திங் 2006-இல் ஹெல்மண்ட் மாகாணத்தில் பணியாற்றினார். அங்கே தான் இருந்த ஊரின் பெயரையே வைத்து 2007-இல் அவர் தொடங்கிய 'நவ்சாத்' அமைப்பு, காபூலில் காப்பகமும் கால்நடை மருத்துவமனையும் நடத்திவந்தது. ஆகஸ்ட் 15 அன்று நகரம் தாலிபான் கைக்குப் போனது. நன்கொடைப் பணத்தில் அமர்த்திய விமானம் ஆகஸ்ட் 28 அன்று கிளம்பியது. அதில் 150-க்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் இருந்தன. மறுநாள் காலை லண்டன் ஹீத்ரோவில் இறங்கியது. காப்பகத்தின் ஆப்கானியப் பணியாளர் ஒருவர்கூட அதில் இல்லை.

விலங்குகளுக்கு இந்தச் சேவை பலித்தது, மனிதர்களுக்குப் பலிக்கவில்லை. விமானமும் கூண்டுகளும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. சறுக்கியது விமான நிலைய வாசலில். எனவே இதற்குப் பணம் திரட்ட நினைக்கும் எந்தக் காப்பகமும் முதல் தொகையை ஊழியர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஒதுக்க வேண்டும், விமானத்துக்கு அதற்கு அப்புறம்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வாசலில் நடந்தது என்ன?

பணியாளர்களையும் அவர்களின் குடும்பங்களையும் ஏற்றுக்கொள்ள பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 26 அன்று வாகனங்கள் விமான நிலையம் வரை போயின. அதற்குச் சற்று முன்புதான் உள்ளே விடுவதற்கான ஆவண விதி மாறியிருந்தது என்று ஃபார்திங் அப்போதே பொதுவெளியில் சொன்னார். அனுமதி கிடைத்திருக்கிறது என்ற தகவல் போதாது, பாஸ்போர்ட்டும் அதில் விசாவும் கையில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. வண்டிகள் திரும்பின. அதே நாள் விமான நிலையத்தின் ஆபே வாசலில் குண்டு வெடித்தது. 13 அமெரிக்கப் படையினரும் பெருந்திரளான ஆப்கானியரும் செத்துப்போனார்கள். அடுத்த முயற்சியில் விலங்குகளும் ஃபார்திங்கும் உள்ளே போனார்கள். ஊழியர்களைத் தாலிபான் காவலர்கள் விடவில்லை.

இது துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. கூண்டுக்குள் இருக்கும் நாயைச் சோதனைச்சாவடியில் நிற்பவர் சரக்காகத்தான் பார்க்கிறார், அதன் பெயரையோ ஊரையோ கேட்பதில்லை. மனிதருக்கு அங்கே மூன்று கேள்விகள் காத்திருக்கும். நீ யார், யார் உன்னை அழைத்தது, இவர்கள் உன் குடும்பம்தானா? மூன்றுக்கும் தாளில் பதில் இல்லாவிட்டால், எத்தனை பெரிய நாட்டின் அமைச்சர் பேசியிருந்தாலும் சாவடிக்காரருக்கு அது எட்டாது.

இதோடு ஒப்பிட நம் பக்கத்திலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. காபூல் இந்தியத் தூதரகத்தைக் காவல் காத்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மோப்ப நாய்கள் மாயா, ரூபி, பாபி மூன்றும் ஆகஸ்ட் 17 அன்று இந்திய விமானப்படையின் சி-17 விமானத்தில் வீரர்களோடு சேர்ந்தே நாடு திரும்பின. அவை மூன்றே மூன்று, அரசின் நாய்கள், விமானமும் அரசுடையது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பார்க்க வேண்டியது வேறொன்று. நாயும் அதைக் கையாளும் வீரரும் அங்கே ஒரே பட்டியலில், ஒரே வரிசையில் இருந்தார்கள். தனியார் காப்பகத்துக்கு அந்த ஒற்றைப் பட்டியல் தானாக அமையாது, முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள்தான். ஒவ்வொரு ஊழியருக்கும், அவர் மனைவி அல்லது கணவருக்கும், கைக்குழந்தை உட்பட ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். ஆப்கானிய அடையாள அட்டையான தஸ்கிராவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதும் வழக்கம் அங்கே உண்டு, சாவடியில் சிக்குவது பெரும்பாலும் அந்த ஓரெழுத்தில்தான். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, பணி நியமனக் கடிதம் மூன்றையும் மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி வைக்க வேண்டும். பாஸ்போர்ட் காலாவதி நாளைக் காப்பகத்தின் தடுப்பூசிப் பதிவேட்டிலேயே இன்னொரு பத்தியாகச் சேர்த்துக்கொண்டால் மறக்காது. அண்டை நாட்டு விசாவும் முன்பே எடுத்து வைக்கத் தக்கது. நவ்சாத் ஊழியர்கள் கடைசியில் தப்பியது வான்வழியில் இல்லை. குடும்பத்தினரையும் சேர்த்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செப்டம்பரில் தரைவழியாகப் பாகிஸ்தானுக்குள் போய், அங்கிருந்து பிரிட்டன் சேர்ந்தார்கள்.

கூண்டுகள்

இந்தச் சேவையில் ஒரு காப்பகம் முழுக்கத் தன் கையில் வைத்திருக்கக்கூடியது இது ஒன்றுதான். அதனால் விரிவாகச் சொல்லலாம்.

ஐயாட்டா என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் உயிர்விலங்கு விதிப்படி, கூண்டின் நீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து வாலடி வரையான அளவோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைச் சேர்த்தது. அகலம் தோள் அகலத்தைப்போல் இரு மடங்கு. உயரம், நின்றால் தலையோ காது நுனியோ எது உயரமோ அது, அதோடு விரிப்பின் தடிமன். சப்பை மூக்கு இனங்களுக்கு எல்லா அளவிலும் பத்து சதவீதம் கூட்ட வேண்டும். காப்பக நாய்களை ஆண்டுக்கு இருமுறை அளந்து, கூண்டு அளவைப் பதிவேட்டில் எழுதி வைத்தால், தேவை எத்தனை எண் எந்த அளவில் என்று ஒரே பார்வையில் தெரியும். சந்தையில் 400 எனப்படும் அளவு ஏறத்தாழ 91 செ.மீ. நீளம், 64 அகலம், 69 உயரம். நடுத்தரத் தெருநாய்க்கு இது சரி. ஆப்கானிஸ்தானின் கூச்சி மேய்ப்பு நாய்களுக்கு இது எந்த வகையிலும் ஆகாது, 700 என்ற பெரிய அளவுதான் வேண்டும். இட ஒதுக்கீட்டைக் குலைப்பவை இந்தப் பெரியவைதான். ஒரு 700 பிடிக்கும் இடத்தில் இரண்டு 400 வைத்துவிடலாம்.

கூண்டுகளை அடுக்கி விமானத்தில் ஏற்றும் சரக்குத் தட்டின் கணக்கு இப்படி: வழக்கமான பெரிய தட்டு 318 செ.மீ.க்கு 244 செ.மீ. அதில் 400 அளவுக் கூண்டு மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அமரும். அடிவயிற்றுச் சரக்கறையின் உயரம் சுமார் 160 செ.மீ. என்பதால் இரண்டு அடுக்கு நுழையும். பதினெட்டு என்று தாளில் வரும். நடைமுறையில் அந்த எண்ணை நம்பாதீர்கள். கூண்டுகளுக்கிடையே கையகல இடைவெளி விடாவிட்டால் பக்கச் சுவர்த் துளைகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் நாய் தன் மூச்சையே திரும்ப இழுக்கும். நாய் உடலைக் குளிர்விப்பது இரைத்து இரைத்துத்தான். சுற்றியுள்ள காற்றில் ஈரம் ஏறிவிட்டால் எத்தனை இரைத்தாலும் சூடு தணியாது. வெளியே வெப்பநிலை அதிகமில்லாதபோதும் கூண்டுக்குள் நாய் சாவது இப்படித்தான். தட்டுக்குப் பதினான்கு என்று திட்டமிடுவது நிதானம். எந்தச் சரக்கறையில் வெப்பக் கட்டுப்பாடும் காற்றோட்டமும் உண்டு என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கவும் வேண்டும். எல்லா விமானத்திலும் எல்லா அறையிலும் அந்த வசதி கிடையாது.

கூண்டின் மேல் பாதி, கீழ் பாதி ஓடுகளைப் பிணைக்கப் பிளாஸ்டிக் கவ்விகள் கூடாது, உலோகப் போல்ட் நட்டுதான் ஏற்கப்படும். கழற்றிய கூண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்தால் இடம் மிச்சம், ஆனால் போல்ட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு வைக்கும் காப்பகம் அவசர நாளில் திண்டாடும். அந்தந்தக் கூண்டின் போல்ட்டுகளைச் சிறு பையில் கட்டி, அதன் அடி ஓட்டிலேயே ஒட்டிவிட வேண்டும். பழகிய கைக்கு ஒரு கூண்டு பூட்டப் பத்து நிமிடம். 150 கூண்டுக்கு 25 மணி நேர உழைப்பு, ஐந்து பேர் செய்தால் ஐந்து மணி. கதவின் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டி போட்டு இறுக்கி, அதை வெட்டும் கருவியை வண்டிக்கு ஒன்றாக ஓட்டுநர் கையில் கொடுங்கள். கூண்டிலேயே தொங்கவிட்டால் முதல் சாவடியிலேயே காணாமல் போகும்.

விரிப்புக்கு வைக்கோல் வேண்டாம். பல நாடுகள் தாவர நோய்க்குப் பயந்து அதை இறக்க விடாது. கிழித்த செய்தித்தாளும் உறிஞ்சும் விரிப்பும் போதும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவின் உட்புறம் மாட்டி, நீரை உறைய வைத்து அனுப்பினால் வழியில் சிந்தாது, மெல்ல உருகி நாவுக்கு எட்டும். மின்சாரம் இல்லாத நகரத்தில் பனிக்கட்டிக்கு எங்கே போவது என்றால், வெளியே இருந்து ஊற்றக்கூடிய புனல் குழாய் ஒன்றைக் கதவுக் கம்பியில் செருகிவிடலாம்.

ஒரு கூண்டுக்கு ஒரு விலங்கு என்பதே பாதுகாப்பு. சேர்ந்து வாழ்ந்து பழகிய, தலா 14 கிலோவுக்குள் உள்ள இரண்டு வளர்ந்த விலங்குகளை ஒன்றாக வைக்க விதி இடம்கொடுக்கிறது. பூனைகளில் இதை நம்பிச் செய்தால் பெரும்பாலும் வருந்த நேரும். காப்பகத்தில் ஒட்டிப் படுத்துக் கிடந்த இரண்டு, வண்டியின் இரைச்சலில் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும்.

மயக்க மருந்து வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தமும் உடல் வெப்பக் கட்டுப்பாடும் குலையும். கால் தள்ளாடும் நாய் கூண்டு சாயும்போது தன்னைத் தாங்கிக்கொள்ளாது. தூங்கிக்கொண்டிருக்கிறதா, சாகப்போகிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. விமான நிறுவனங்களும் மயங்கிய விலங்கை ஏற்பதில்லை. அதற்குப் பதில் கூண்டிலேயே சாப்பாடு வைத்து இரண்டு வாரம் பழக்குங்கள். போர்க்கால நகரத்தில் இரண்டு வாரம் முன்கூட்டித் தெரியாது என்பதால், காப்பகத்தில் எப்போதுமே சில கூண்டுகள் கதவு திறந்தபடி, உள்ளே சோற்றுத் தட்டோடு கிடப்பது நல்லது.

விலங்கின் தாள்கள்

பிரிட்டன் ஆப்கானிஸ்தானை வெறிநாய்க்கடி அபாயம் உள்ள நாடுகளில் வைத்திருக்கிறது. முறைப்படி போனால் முதலில் 15 இலக்க மைக்ரோசிப், பிறகு தடுப்பூசி, 30 நாள் கழித்து ரத்த மாதிரி, அதில் எதிர்ப்புச் சத்து மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும், மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. மொத்தம் நான்கு மாதம். ஆப்கானிஸ்தானின் முதல் மாகாணத் தலைநகர் ஸரஞ்ச் விழுந்தது ஆகஸ்ட் 6, காபூல் விழுந்தது ஆகஸ்ட் 15. இடையில் ஒன்பது நாள்.

இங்கே மிகுதியாக நடக்கும் பிழை வரிசை பிசகுவது. தடுப்பூசி போட்டு அடுத்த வாரம் சிப் வைத்தால் அந்த ஊசி கணக்கில் வராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகாம் போட்டு நூறு நாய்க்கு ஒரே நாளில் ஊசி குத்தும் காப்பகங்கள் இதில்தான் வழுக்குகின்றன. இரண்டாவது, நாடாப்புழு மருந்து. பிரிட்டனில் இறங்குவதற்கு 24 மணி முதல் 120 மணிக்குள் நாய்க்குக் கொடுத்திருக்க வேண்டும். விமானம் ஐந்து நாள் தள்ளிப்போனால் திரும்பவும் கொடுக்க வேண்டிவரும். எனவே மருந்தை இரு மடங்கு வாங்கிப் பாதியை வண்டியிலேயே வையுங்கள்.

தாள்கள் முடியாத விலங்குக்கு ஒரே வழி இறங்கிய நாட்டில் தனிமைக் காவல். நவ்சாத் விலங்குகளுக்கு நான்கு மாதம். அந்தச் செலவு சேவைக் கட்டணத்தில் அடங்காது. தலைக்கு நான்கு மாதத் தங்கல், உணவு, மருத்துவம் என்று பெருக்கினால் விமான வாடகையோடு போட்டியிடும் தொகை வரும். நிதி திரட்டும்போதே அதைச் சேர்த்துக் கேட்பதுதான் நேர்மை.

விமானமே வராமல் போனால்

அதே நாட்களில் 'காபூல் ஸ்மால் அனிமல் ரெஸ்க்யூ' என்ற இன்னொரு காப்பகம் விலங்குகளை விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. வாசல் திறந்தது, விமானம்தான் அமையவில்லை. ராணுவ விமானங்களில் இடம் கிடைக்கவில்லை. வெறிநாய்க்கடி அபாயமுள்ள 113 நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதற்கு அமெரிக்கா 2021 ஜூலை 14 முதலே தடை போட்டிருந்தது. கடைசிப் படையும் கிளம்பும் நேரத்தில் பல நாய்களை நிலைய வளாகத்திலேயே திறந்துவிட வேண்டியதாயிற்று. ஹெலிகாப்டர் அருகே அடுக்கிய கூண்டுகளின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்க ராணுவம் தன் பணி நாய்களை விட்டுவிட்டது என்ற குற்றச்சாட்டோடு அது பரவியது. அவை காப்பகத்தின் பொறுப்பில் இருந்த விலங்குகள் என்று பென்டகன் விளக்கியது.

அந்த அமைப்பின் நிறுவனர் சார்லட் மேக்ஸ்வெல்-ஜோன்ஸ் காபூலிலேயே தங்கினார். 2022 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 300 நாய் பூனைகள் சரக்கு விமானத்தில் கனடாவின் வான்கூவர் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவுக்குப் பதில் கனடா என்ற தேர்வுக்குக் காரணம் மேலே சொன்ன தடை. ஐந்து மாதம் காத்திருந்து, தாள்களை முடித்து, அமைதியாக ஏற்றி அனுப்பிய இந்த இரண்டாவது முறையைத்தான் விலங்குகளுக்கான சேவை என்ற வகையில் நாங்கள் மேலாக மதிப்போம். அதற்கு ஒருவர் அங்கேயே இருக்கத் துணிய வேண்டியிருந்தது என்பதை மறக்கவில்லை.

ஒரு நெருடல்

நவ்சாத் விமானம் மனிதர் இடத்தைப் பறித்ததா என்ற கேள்வியைத் தட்டிவிட முடியாது. விலங்குகள் போனது சரக்கறையில். அங்கே மனிதரை ஏற்ற முடியாது, ஆகையால் இருக்கைக் கணக்கில் இழப்பு இல்லை. ஆனால் அந்த வாரத்தில் காபூலில் அரிதாக இருந்தது இருக்கை இல்லை, வாசலில் நின்ற சிப்பாய்களின் நேரமும் அதிகாரிகளின் கவனமும். அதில் ஒரு பகுதி கூண்டுகளுக்குப் போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு 2022 மே மாத அறிக்கையில், இந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தைக் கடுமையாகவே விமர்சித்தது. விலங்குகளை நேசிக்கும் எவரும் அந்த அறிக்கையைப் படிக்கத் தயங்கக் கூடாது. அடுத்தமுறை கூட்டம் முட்டும் வாசலுக்குப் போகாத திட்டம் வேண்டும் என்பதே அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. அதாவது முன்னதாகக் கிளம்புவது, அல்லது வேறு எல்லை வழியாகப் போவது.

தரைவழி

சாலை வழி திறந்திருந்தால் விமானத்தைவிட அதுவே மேல். 2022-இல் உக்ரைன் இதைக் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் அகதிகளோடு வரும் செல்ல விலங்குகளுக்குச் சிப், ரத்தச் சோதனை விதிகளைத் தளர்த்தியது. ஆபரேஷன் கங்காவில் திரும்பிய நம் மாணவர்களின் நாய் பூனைகளுக்கு இந்திய அரசும் ஒருமுறைச் சலுகை தந்தது. நீளமான வேன் ஒன்றில், ஒரு பக்கம் நடைவழி விட்டு, 400 அளவில் இரண்டு அடுக்காகப் பதினாறு கூண்டு வரை ஏற்றலாம். நடைவழியை நிரப்பி இன்னும் நான்கு ஏற்றத் தோன்றும், செய்யாதீர்கள். உள்ளே ஒரு நாய் மயங்கினால் எட்டவே முடியாது.

பெரிய விலங்குகளும் இப்படித்தான் போயின. கீவ் அருகிலிருந்த ஒரு மீட்பகத்தின் ஆறு சிங்கங்களும் ஆறு புலிகளும் 2022 மார்ச் தொடக்கத்தில் லாரியில் போலந்தின் போஸ்னான் விலங்குக் காட்சியகம் சேர்ந்தன.

ஆனால் ஆட்கள் விஷயத்தில் இங்கும் முடிச்சு உண்டு. போர்ச்சட்டம் வந்ததும் 18 முதல் 60 வயது வரையான உக்ரைனிய ஆண்கள் பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் போனது. எல்லைவரை ஓட்டி வந்தவர் அங்கேயே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்து ஓட்டுநருக்கு வண்டியோடு சாவியையும் கொடுப்பதா, கூண்டுகளை மட்டும் மாற்றி ஏற்றுவதா என்பதை முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். உறைபனியில் எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு முடிவுசெய்யக் கூடாது. வண்டி ஓட்டத் தெரிந்த பெண் பணியாளர்கள் எத்தனை பேர் என்பது அந்த வாரங்களில் ஒரு காப்பகத்தின் தலையெழுத்தையே தீர்மானிக்கும் கேள்வியாக இருந்தது.

யாருக்கு இந்தச் சேவை?

நூறு விலங்குகளுக்குள் உள்ள, ஊழியர் அனைவருக்கும் பாஸ்போர்ட் உள்ள, முன்பே சிப்பும் ரத்தச் சோதனையும் முடித்த காப்பகத்துக்குத் தனிவாடகை விமானம் பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பிரித்து, ஒரு பகுதியை ஊழியர் குடும்பங்களை முன்னதாக அண்டை நாட்டுக்கு நகர்த்தவும், ஒரு பகுதியை மூன்று மாதத் தீவனத்துக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் செலவிடுவதே சரி. கீவ் விலங்குக் காட்சியகம் வெளியேறாமல் அங்கேயே இருந்தது. பணியாளர்கள் பலர் குடும்பத்தோடு வளாகத்துக்குள் குடிவந்து விலங்குகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

எதைத் தேர்ந்தாலும், விட்டுப்போக நேரும் விலங்குகளுக்கான ஏற்பாட்டை எந்த நிறுவனமும் செய்து தராது. கீவுக்கு வடமேற்கே போரோதியன்கா காப்பகத்தில் 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு யாரும் உள்ளே போக முடியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் கதவைத் திறந்தபோது, அங்கிருந்த 485 நாய்களில் 222 அடைத்த கூண்டுகளிலேயே பசியிலும் தாகத்திலும் செத்துக் கிடந்தன. கடைசியாகக் கிளம்புபவர் உள் கதவுகளின் தாழ்களை எடுத்துவிட்டு, சண்டைக்கார நாய்களை மட்டும் தனி முற்றத்தில் பிரித்து, தீவன மூட்டைகளைக் கிழித்துப் பரப்பி, இருக்கிற ஒவ்வொரு பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். வெளி வாசல் சாவியின் இரண்டாவது பிரதி, ஊரைவிட்டுப் போகாத அக்கம்பக்கத்தார் ஒருவர் கையில் இருக்க வேண்டும். அவர் யார் என்பதை இன்றைக்கே கேட்டு வையுங்கள்.